இடக்கை அன்று, வலக்கை இன்று

தமிழ்நாட்டில் கையில் கட்டோடு வெளியே போகிறவர் "பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேன்" என்ற உண்மையைச் சொல்லக் கூடாது. ஒருவரும் நம்ப மாட்டார்கள். பேப்பர் படிக்கிற ஜனம் நாம். போலீஸ் பிடித்துக்கொண்டு போகிற ரவுடிகள் எல்லாரும் கழிவறையில்தான் வழுக்கி விழுகிறார்கள், எல்லாருக்கும் கையோ காலோ உடைகிறது, மறுநாள் மாவுக்கட்டோடு படம் வருகிறது. அந்த வரிசையில் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை ஒருத்தியும் சேர்ந்துகொண்டதில் எங்கள் தெருவுக்கு ஏக சந்தோஷம். பால்காரரிலிருந்து கேபிள்காரர் வரை, "எந்த ஸ்டேஷன் டீச்சர்?" என்று கேட்டுவிட்டுத்தான் மற்றதை விசாரித்தார்கள்.

நான் விழுந்தது நிஜமாகவே பாத்ரூமில். சோப்புத் தண்ணீர், பளபளக்கிற டைல்ஸ், அறுபதைத் தாண்டிய எலும்பு. விழுகிற நேரத்தில் யாரும் யோசிப்பதில்லை, கையை ஊன்றிவிடுகிறோம். ஊன்றிய வலக்கை மணிக்கட்டுக்குச் சற்று மேலே முறிந்தது. இதே இடத்தில் என் இடக்கை 1991இல் முறிந்திருக்கிறது. ஆக, ஒரே முறிவு, அதே புதுக்கோட்டை, அதே வீடு, அதே கணவர். நடுவில் முப்பது வருஷத்துக்கு மேல் ஓடியிருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். அறிவியல் பாடம் எடுத்தவள் நான். இவ்வளவு ஒழுங்காக அமைந்த ஒரு சோதனையை வகுப்பறையில் ஒருநாளும் செய்து காட்டியதில்லை.

1991இல் புதுக்கோட்டையில் நாங்கள் எல்லாருமே கொஞ்சம் கிறுக்குப் பிடித்துத்தான் அலைந்தோம். அறிவொளி இயக்கம் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தது. கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத், எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்துவிட்டார். பஸ் எட்டிப் பார்க்காத ஊரில் ஒரு பெண் எழுத்துக் கூட்டிப் படித்து எங்கே போவாள்? சைக்கிள் தெரிந்தால் சந்தைக்கும் வேலைக்கும் யாரையும் எதிர்பார்க்காமல் போய்வருவாள் என்பது கணக்கு. கல்குவாரியில் கல் உடைத்த பெண்கள் சைக்கிள் பழகினார்கள். முத்துபாஸ்கரன் எழுதிய சைக்கிள் பாட்டு கிராமம் கிராமமாகக் கேட்டது. லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்தபோது, ஆம்பளை சைக்கிளே நல்லது, முன்னால் பாரில் பிள்ளையை உட்கார வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். சாயங்கால வகுப்பெடுத்த தொண்டர்களில் நானும் ஒருத்தி. சொல்லிக்கொடுக்கிறவளுக்கே சைக்கிள் தெரியாமல் இருந்தால் நன்றாகவா இருக்கும் என்று இருட்டுகிற நேரமாகப் பார்த்து மைதானத்தில் பழகப் போனேன். புடவை செயினில் சிக்கியது.

"ஊருக்கெல்லாம் கையெழுத்துப் போடச் சொல்லிக் குடுக்கப் போறேன்னு போனவ, கைய ஒடிச்சுக்கிட்டு வந்து நிக்கிறா" என்றார் என் மாமியார். ஆஸ்பத்திரிக்குப் போனால் கையை எடுத்துவிடுவார்கள் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. ஆகவே கட்டு வைத்தியர். கீழே தள்ளிய அதே சைக்கிளின் கேரியரில் என்னை உட்கார வைத்துக் கணவர் ஓட்டிக்கொண்டு போனார். வைத்தியர் எக்ஸ்ரே எல்லாம் கேட்கவில்லை. விரலால் தடவிப் பார்த்தார். "ஒங்க பூர்வீகம் எந்த ஊரு தாயி?" என்று கேட்டார். நான் பதில் சொல்ல வாயெடுத்தபோது கையை இழுத்தார். ஊர்ப் பெயர் அலறலாகத்தான் வெளியே வந்தது. பிறகு முட்டை வெள்ளைக்கரு, உளுந்து மாவு, துணி, மூங்கில் சிம்பு. கருவாடும் கத்தரிக்காயும் ஆகாது என்று பத்தியம். வெற்றிலையில் வைத்துக் கொடுத்த காசை அவர் எண்ணிக்கூடப் பார்க்கவில்லை. கையை அசைக்கவே கூடாது என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார்.

அந்த வைத்தியத்தைப் பற்றிக் கண் கலங்க எழுதுகிறவர்கள் உண்டு. நான் அந்தக் கட்சியில் இல்லை. ஆந்திராவில் புத்தூர் கட்டு 1881 முதல் நடக்கிறது என்பார்கள். அதே 1881இல்தான் ஃபோல்க்மன் என்கிற ஜெர்மன் அறுவை மருத்துவர், இறுக்கிக் கட்டிய கட்டு ரத்த ஓட்டத்தை நிறுத்திக் கையை நிரந்தரமாகச் சுருட்டி முடக்கிவிடுவதைப் பற்றி எழுதினார். இந்த இரண்டு செய்திகளும் ஒன்றையொன்று சந்திக்கவே இல்லை. என் விரல்கள் தப்பியது, வைத்தியர் கட்டிய சிம்பை என் நாத்தனார் இரவோடு இரவாகக் கொஞ்சம் தளர்த்திவிட்டதால் இருக்கலாம். மாமியாருக்கு அது கடைசிவரை தெரியாது.

எலும்பு கூடியது, கோணலாக. இடது மணிக்கட்டு இன்றைக்கும் பக்கவாட்டில் பார்த்தால் முள்கரண்டி மாதிரி வளைந்துதான் இருக்கும். இந்த உவமை என்னுடையதல்ல, மருத்துவப் புத்தகத்தில் இருப்பது. ஆபிரகாம் கோலிஸ் என்கிற அறுவை மருத்துவர் 1814இல் இந்த முறிவை விவரித்தார். எக்ஸ்ரே கண்டுபிடிக்க இன்னும் எண்பது வருஷம் இருந்தது. அவரும் எங்கள் வைத்தியரைப் போலத் தடவிப் பார்த்துத்தான் கண்டுபிடித்திருக்கிறார். கோணல் போகாது, ஆனால் கொஞ்ச காலம் கழித்துக் கை வலியில்லாமல் தாராளமாக அசையும் என்றும் எழுதிவைத்தார். இதையெல்லாம் எனக்கு வீடியோ காலில் படித்துக் காட்டியது டப்ளினில் வேலை பார்க்கும் என் மகள். கோலிஸ் வாழ்ந்ததும் அதே டப்ளின்தான். 1991இல் இவளை இடுப்பில் தூக்க முடியவில்லை என்று அழுதிருக்கிறேன். இப்போது அவள் அங்கிருந்து எனக்கு உத்தரவு போடுகிறாள்.

வலக்கைக்குத் திருச்சியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. எக்ஸ்ரே, ஸ்கேன், டைட்டானியம் பிளேட், ஸ்குரூ. ஆபரேஷன் முடிய ஆன நேரத்தைவிட, டிஸ்சார்ஜுக்கு இன்ஷூரன்ஸ் ஒப்புதல் வர ஆன நேரம் அதிகம். சொல்லுவதற்கு அங்கே வேறொன்றும் இல்லை. கதை வீட்டுக்கு வந்தபிறகுதான்.

1991இல் வீட்டில் ஆள் நிறைய. மாமியார், இரண்டு நாத்தனார்கள், கொழுந்தனார், எந்நேரமும் வந்துபோகிற ஒன்றுவிட்ட உறவுகள். தலை பின்னிவிட ஒருத்தி, புடவை கட்டிவிட ஒருத்தி. பிரண்டையை நார் எடுத்து, நாக்கு அரிக்காமல் இருக்க நல்லெண்ணெயில் வதக்கி, புளி கூட்டித் துவையல் அரைத்தார் மாமியார். நல்லி எலும்பு சூப்பு, உளுந்தங்களி, முருங்கைக்கீரை என்று மாற்றி மாற்றி வந்தது. அன்பும் இருந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன். அதோடு ஒவ்வொரு கவளத்துக்கும் ஒரு குத்தலும் இருந்தது. "பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு சைக்கிளு?" என்ற கேள்வியை அந்த வீட்டுக்குள் நுழைந்த யாருமே கேட்காமல் திரும்பியதில்லை.

கை பார்க்க வந்தவர்கள் ஒரு தனி அத்தியாயம். ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில், நாலு சாத்துக்குடி, இதைவிட மோசமாகக் கை உடைந்து செத்துப்போன ஒருவரின் கதை. இந்த மூன்றும் இல்லாமல் யாரும் வரமாட்டார்கள். வந்தவர்களுக்குக் காபி கொடுக்க வேண்டும். நாத்தனார்கள் பள்ளிக்கும் கல்லூரிக்கும் போயிருப்பார்கள், மாமியாருக்கு முழங்கால் வலி. ஆகவே என் இடக்கையை நலம் விசாரிக்க வந்தவர்கள் என் வலக்கை போட்ட காபியைக் குடித்துவிட்டு, "கைக்கு நல்லா ரெஸ்ட் குடும்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். தூளில் கொஞ்சம் சிக்கரி தூக்கலாக இருக்கிறது என்று சொன்னவர்களும் உண்டு.

இடக்கை உடைந்தால் தமிழர்களுக்கு என்ன கஷ்டம் என்பதைக் கௌரவமான பத்திரிகையில் எழுத முடியாது. கொல்லைக் கடைசியில் கக்கூசும் ஒரு செம்புத் தண்ணீருமாக இருந்த காலம் என்று மட்டும் சொல்லிவைக்கிறேன். வலக்கை உடைந்தால் கஷ்டம் சாப்பாட்டில். வாழ்நாளெல்லாம் "சோத்துக் கையால வாங்கு" என்று பிள்ளைகளின் முதுகில் தட்டிய நான், இப்போது கோணல் மணிக்கட்டோடு இடக்கையால் ஸ்பூன் பிடித்து ரசம்சாதம் சாப்பிடுகிறேன். ரசத்தில் பாதி நைட்டிக்கு. நைட்டி என்ற உடையைக் கண்டுபிடித்தவருக்கு ஊருக்கு ஒரு சிலை வைக்கலாம். கொக்கி இல்லை, கொசுவம் இல்லை, ஒற்றைக் கையால் மாட்டிக்கொள்ளலாம். 1991இல் அதைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றிருந்தால் சைக்கிளை மறந்துவிட்டு அதைப் பற்றிப் பேசியிருப்பார்கள்.

இன்றைக்கு வீட்டில் இரண்டே பேர். நானும் அவரும். அன்றைக்கு நான் காபி போட்டுக்கொண்டிருந்த நேரத்தில் திண்ணையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த மனிதர், ஓய்வுபெற்ற பிறகு யூடியூப் பார்த்துச் சமைக்கப் பழகியிருக்கிறார். நன்றாகவே செய்கிறார். ஆனால் யாராவது வந்தால், "இன்னைக்கு வத்தக்குழம்பு நான் வச்சேன்" என்று அவர் சொல்லாமல் விடுவதில்லை. வந்தவர்கள் அசந்துபோகிறார்கள். "குடுத்துவச்சவங்க டீச்சர் நீங்க" என்கிறார்கள். அத்தனை வருஷம் நான் வைத்த வத்தக்குழம்புக்கு அவரை யாரும் கொடுத்துவைத்தவர் என்று சொன்னதாக ஞாபகம் இல்லை.

வந்தவர்கள் என்று எழுதிவிட்டேன். உண்மையில் யாரும் அதிகம் வருவதில்லை. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் என் எக்ஸ்ரே படத்தை மகள் போட்டாள். ஐந்து நிமிடத்துக்குள் கைகூப்புகிற மஞ்சள் பொம்மைகள் வந்து குவிந்தன. கை கூப்ப முடியாதவளுக்கு எத்தனை கூப்பிய கைகள்! இதற்கு நான் காபி போட வேண்டியதில்லை. அது பெரிய நிம்மதி. மூன்றாம் நாள் மத்தியானம், யாராவது வந்து அந்தச் செத்துப்போனவர் கதையையாவது சொல்ல மாட்டார்களா என்று இருந்தது.

மகள் ஆன்லைனில் சாமான்களாக அனுப்பிக்கொண்டே இருந்தாள். குளிக்க உட்காரும் நாற்காலி, நீளக் காம்பு வைத்த ஸ்பாஞ்சு, கையைத் தாங்கும் பை. ஒவ்வொரு பார்சலையும் பிரிக்க இரண்டு கை வேண்டும். டெலிவரி தம்பி வாசலில் நின்று ஓடிபி கேட்பான். ஓடிபி போனில் இருக்கும். போன் திறக்க வலது கட்டைவிரல் ரேகை கேட்கும். அந்த விரல் பேண்டேஜுக்குள்ளிருந்து நீர் கோத்து எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும். "ஆன்ட்டி, சீக்கிரம்" என்பான் அவன்.

பிரண்டைக்குப் பதில் இப்போது கால்சியம் மாத்திரையும், வாரத்துக்கு ஒருமுறை பாலில் கலக்கும் அறுபதாயிரம் யூனிட் வைட்டமின் டி பொடியும். டாக்டரும் தலைகீழாகப் பேசுகிறார். அன்றைக்கு அசைக்காதே என்றார்கள், இன்றைக்கு ஆபரேஷன் முடிந்த கையோடு விரலை மடக்கி நீட்டு என்கிறார்கள். அசையாமல் வைத்திருந்தால் எலும்பு கூடிவிடும், விரல் கூடாது. கையை நெஞ்சுக்கு மேலே தூக்கி வைத்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் வீங்கும். ஆகவே வீட்டுக்குள் சதா கை தூக்கியபடி நடமாடினேன். வகுப்பில் பதில் தெரிந்த பிள்ளை நிற்பதைப் போல என்றார் கணவர். அவருக்கும் ஒரு சந்தர்ப்பம் கிடைத்தது.

பிசியோதெரபிக்கு வந்த பையன் என் பேரன் வயதுக்குக் கொஞ்சம் மேல். ஒரு ஆரஞ்சுப் பந்தைக் கொடுத்து அமுக்கச் சொன்னான். பிறகு ஒரு காகிதத்தில் பயிற்சிகளை எழுதிக் கொடுத்தான். துணி பிழிதல். மாவு பிசைதல். பாட்டில் மூடி திறத்தல். கதவுக் குமிழ் திருகுதல். நான் அந்தக் காகிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். கல்யாணமான நாளிலிருந்து நான் செய்துகொண்டிருந்த வேலைகளின் பட்டியல் அது, காலை மாலை பத்துப் பத்துத் தடவை என்று அளவு போட்டு. வாஷிங் மெஷின் வந்து பிழிவது நின்றது. பாக்கெட் மாவு வந்து பிசைவது, அரைப்பது நின்றது. இப்போது பயிற்சிக்காகக் கோதுமை மாவு வாங்கி, பிசைந்து, பிசைந்ததை என்ன செய்வதென்று தெரியாமல் தினமும் சப்பாத்தி. கணவருக்குச் சர்க்கரை கட்டுக்குள் வந்தது.

1991இல் கட்டு பிரித்ததும் மாமியார் என்னை அம்மிக்கு முன்னால் உட்கார வைத்தார். "ரெண்டு கையையும் வச்சு அரச்சாத்தான் கை வரும்" என்றார். விரல்கள் குழவியைச் சுற்றி மடங்க மறுத்தன. கண்ணில் நீர் வர அரைத்தேன். கை வந்தது. மகளிடம் இதைச் சொன்னபோது, "பார்த்தியாம்மா, அந்தக் காலத்துப் பாட்டிகளுக்கு எவ்வளவு சயின்ஸ் தெரிஞ்சிருக்கு" என்று வியந்தாள். அவள் அந்த அம்மியில் அரைத்ததில்லை. என் மாமியாருக்கு அன்றைக்குத் தேவைப்பட்டது சயின்ஸ் இல்லை, சட்னி.

அந்தப் பையன் வேலூரில் பயிற்சி பெற்றவன். கையை நீவிவிட்டுக்கொண்டே பால் பிராண்டைப் பற்றிச் சொன்னான். தொழுநோயில் மடங்கிப்போன கைகளை வேலூர் சி.எம்.சி.யில் 1940களின் கடைசியில் ஆபரேஷன் செய்து நிமிர்த்தத் தொடங்கியவர். கை நிமிர்ந்தவர்களில் சிலர் திரும்பி வந்து குறைபட்டார்களாம். மடங்கிய கையை நீட்டினால் பிச்சை விழுந்தது, இந்த நல்ல கைக்கு யாரும் போடுவதில்லை, வேலையும் தருவதில்லை. அதன்பிறகுதான் நவஜீவ நிலையம் என்று ஒன்றை அமைத்து, ஆபரேஷன் முடிந்தவர்களுக்குத் தச்சு வேலை, பொம்மை செய்வது என்று கைத்தொழில் பழக்கினார்கள். கையைச் சரிசெய்வது ஒரு வேலை, அந்தக் கைக்கு ஒரு வேலை கொடுப்பது இன்னொரு வேலை. டிஸ்சார்ஜ் சம்மரியில் இந்த இரண்டாவதற்குக் கட்டம் இல்லை. எனக்கு அது சப்பாத்தியாக வாய்த்தது.

இன்ஷூரன்ஸ் கொடுத்தது போக மீதியைத் தம்பியிடம் கைமாற்றாக வாங்கிக் கட்டியிருந்தோம். திருப்பிக் கொடுக்க என் பெயரில் இருந்த வைப்புத்தொகையை எடுக்க வேண்டும். பேங்கில் இடக்கையால் போட்ட என் கையெழுத்தைப் பார்த்து மேனேஜர் வருத்தத்தோடு தலையாட்டினார். பிறகு விதியைச் சொன்னார். உடம்பு முடியாத வாடிக்கையாளர் ரேகை வைக்கலாம். கை ரேகைக்கு வழியில்லை என்றால் கால் விரல் ரேகைகூடச் செல்லும். ரிசர்வ் வங்கியே அனுமதித்திருக்கிறது. ஆனால் பேங்குக்குத் தெரிந்த இரண்டு பேர் சாட்சி போட வேண்டும், அதில் ஒருவர் பேங்க் அதிகாரியாக இருக்க வேண்டும்.

கைநாட்டை ஒழிக்க ஊர் ஊராகப் போனவள் நான். மை டப்பாவைத் தூக்கி எறி, பெயரை எழுது என்று பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் கத்தியிருக்கிறோம். 1992இல் புதுக்கோட்டை முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டம் என்று அறிவித்தபோது அழுதிருக்கிறோம். இப்போது ரேஷன் கடையில், சிம் கார்டு கடையில், ஓய்வூதியர் நேர்காணலில் டாக்டர் பட்டம் வாங்கியவரும் வரிசையில் நின்று விரல் வைக்கிறார். சாக்பீஸ் பிடித்துத் தேய்ந்த என் விரலை அந்த மிஷின் முதல் தடவையில் ஏற்றுக்கொண்டதே இல்லை.

இரண்டாவது சாட்சி யார்? எங்களுக்கு டிபன் கொடுத்து அனுப்பிய இட்லிக் கடை அம்மாளைக் கூப்பிட்டார் கணவர். மகளிர் குழுத் தலைவி. பேங்கில் அவரைத் தெரியாதவர் இல்லை. அன்றைக்குக் கல்குவாரியில் வேலை பார்த்துவிட்டு வந்து என் சாயங்கால வகுப்பில் உட்கார்ந்தவர். தமிழ் எழுத்துகளில் 'ழ' மட்டும் அவரை ரொம்பப் படுத்தியது. கையில் பையோடு வந்தார், கண்ணாடியை மாட்டிக்கொண்டார், என் பெருவிரல் ரேகைக்குப் பக்கத்தில் தன் பெயரை முழுசாக எழுதி, அடியில் கோடிழுத்து இரண்டு புள்ளியும் வைத்தார். மேனேஜரிடம் பேனாவைத் திருப்பிக் கொடுத்தார். மை அப்பிய விரலோடு துணி தேடிக்கொண்டிருந்த என்னைப் பார்த்து மெதுவாகச் சொன்னார்: "முடியில தேச்சுக்கங்க டீச்சர், போயிரும். நாங்க அப்பிடித்தான் செய்வோம்."

கட்டெல்லாம் பிரித்து, பந்தெல்லாம் அமுக்கி, வலக்கையால் மறுபடி எழுத ஆரம்பித்துவிட்டேன். எழுத்து கொஞ்சம் சாய்ந்திருக்கிறது. படிக்க முடிகிறது. போன வாரம் ஒரு காசோலை திரும்பி வந்தது, கையெழுத்து மாறுபடுகிறது என்று. பேங்குக்குப் போனேன். மேனேஜர் மாறியிருந்தார், புதியவர் சின்ன வயசு, மரியாதையான பிள்ளை. "ஒண்ணும் பிரச்சினை இல்ல மேடம், மாதிரிக் கையெழுத்தைப் புதுசா மாத்திக்கலாம்" என்று ஒரு படிவம் கொடுத்தார். நிரப்பினேன். கீழே இரண்டு கட்டம் இருந்தது. ஒன்றில் புதுக் கையெழுத்து.

"இன்னொண்ணுல மேடம்," என்றார், "உங்க பழைய கையெழுத்த அப்படியே போட்டுடுங்க. மேட்ச் ஆனாத்தான் மாத்த முடியும்."